கமண்டலத்து நீரும் ஊர்ப்பொதுக் குழாயும்



முனிவர் பெருமக்கள் நம் ஊர்களுக்கு எழுந்தருளும் பொழுது அவர்தம் கரங்களில் இரண்டு பொருள்களைக் காண்கின்றோம். ஒன்று மயிற்பீலி, மற்றொன்று கமண்டலம். இவற்றோடு ஓதுவதற்குரிய நூலும் சேர மூன்றே பொருள்கள் அவர்களுக்கு உரியன. மயிற்பீலி உயிர்காக்கும் அடக்கத்திற்குரிய கருவியாதலின் சம்யமோபகரணம் எனப்படும். நூல் ஞானோபகரணம். கமண்டலமோ சௌசோபகரணம், அதாவது தூய்மைக்குரிய கருவி. அதிலுள்ள நீர் பருகுவதற்காக ஏற்பட்டதன்று. இயற்கைக் கடனைக் கழித்தபின் உடலையும் கைகளையும் கழுவிக்கொள்வதற்காகவே ஏற்பட்டது.

வீட்டைத் துறந்தார், பொருளைத் துறந்தார், உடுத்த ஆடையையும் துறந்தார். ஆயினும் கைகழுவும் நீர்க்கலத்தைத் துறக்கவில்லை. நம்முள் எத்தனை பேர் இதனை நின்று எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

அது மட்டுமன்று. முனிவர்க்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களுள் நீராடாமையும் ஒன்றாகும். உடலை அழகுபடுத்தும் தூய்மை அவர்க்கு வேண்டாதது. நீராடலையே விலக்கிய அறம், மலங்கழித்தபின் கழுவுதலை மட்டும் விலக்காது ஒரு கருவியையே வகுத்துக் கொடுத்தது. ஆகவே இத்தூய்மை உடம்பின் பொலிவுக்காக வந்ததன்று என்பது தெளிவு. கழிவினால் பிற உயிர்க்கும் பிற மனிதர்க்கும் கேடு வாராமல் காத்தலே இதன் உட்பொருள் என யாம் கருதுகின்றோம்.

இன்னொன்றும் நோக்குக. கமண்டலத்தை நிரப்பிக் கொடுப்பவர் யார்? முனிவர் தாமே கிணற்றில் இறைத்து, அடுப்பு மூட்டிக் காய்ச்சிக்கொள்வதில்லை. வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீரைச் சிராவகரும் சிராவகியருமே நிரப்புகின்றனர். தம் வீட்டுத் தூய்மையோடு நில்லாமல், தமக்கென நீர் இறைத்துக்கொள்ள இயலாத ஒருவரின் தூய்மைக்கும் நீர் வழங்குதல் இல்லறத்தார் கடமை என்பது இதனால் விளங்கும். இக்கடமையின் எல்லை எது என்பதே நம் பொருள்.

முனிவர் ஒழுகும் ஐந்து சமிதிகளுள் இறுதியானது கழிவகற்றும் முறை பற்றியது. பிரதிஷ்டாபன சமிதி என்றும் உத்சர்க்க சமிதி என்றும் இதனைக் கூறுவர். கழிவை இடும் இடம் ஒதுக்குப்புறமாக இருத்தல் வேண்டும், சிற்றுயிர்கள் இல்லாததாக இருத்தல் வேண்டும், ஊருக்குத் தொலைவாகவும் மறைவாகவும் அகன்றதாகவும் இருத்தல் வேண்டும், பிறர் எவரும் மறுப்புக் கூறாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஆகம விதி. இறுதியாகச் சொன்ன நிபந்தனை எம் நெஞ்சை விட்டு அகலாதது. நம் கழிவு சென்று சேரும் இடத்தில் வாழ்பவர் அதற்கு உடன்படுகின்றாரா என்று எத்துணைப் பழங்காலத்திலேயே கேட்டிருக்கின்றனர்!

இல்லறத்தார்க்கு இச்சமிதி மகாவிரதமாக விதிக்கப்படவில்லை என்று சிலர் கூறலாம். உண்மையே. எனினும் கொல்லாமை அணுவிரதம் நமக்கு உண்டன்றோ? இன்று நம் வீடுகளில் பளிங்குக் கற்கள் பதித்த கழிவறைகள் உள்ளன. அவற்றின் பின்புறம் செப்டிக் டேங்க் உள்ளது. பல வீடுகளில் அத்தொட்டியின் அடித்தளம் பூசப்படுவதில்லை. அதிலிருந்து வழியும் நீர் உறிஞ்சு குழிக்குச் செல்லாமல் தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஏரிக் கால்வாய்க்கும் செல்கிறது. தொட்டி நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிச் செல்கிறது. அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்று நாம் வினவுவதில்லை. நம் கண்ணுக்கு மறைந்தால் போதும் என்றிருக்கின்றோம். ஆகமம் கேட்ட மறைவு இதுவன்று.

லாரியும் செல்ல முடியாத சந்துகளில் மனிதரை இறக்கும் கொடுமை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. மனிதரைக் கொண்டு கையால் மலம் அள்ளச் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் நச்சுக்காற்றால் குழிகளுக்குள் உயிரிழந்தோர் பலர். 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்குரிய இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஓரறிவுயிர்க்கும் இரங்கி, இரவில் விளக்கேற்றி உண்ணவும் தயங்கும் நாம், ஐம்பொறியும் மனமும் படைத்த ஓர் உயிரை நம் வீட்டுத் தொட்டிக்குள் இறங்கச் சொல்வோமாயின், அந்த இரவுணவு நோன்பு எதனைக் காத்தது?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. இரட்டைக் குழிக் கழிவறை என்பது எளிய அமைப்பு. ஒரு குழி நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிடுவர். அடைத்த குழியை ஏறத்தாழ ஈராண்டு அப்படியே விட்டால் உள்ளிருப்பது நாற்றமற்ற உலர்ந்த எருவாகிவிடும். எவரும் மலத்தைத் தொட வேண்டுவதில்லை. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் ஊர்களுக்கும் நீர் அரிதான ஊர்களுக்கும் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் சூழல்சார் கழிவறைகள் ஏற்றவை. திருச்சி மாவட்டம் முசிறிப் பகுதியில் இவற்றைப் பரப்பிய திரு. மராச்சி சுப்புராமன் அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கழிவறைக்காக ஒருவர் பத்மஸ்ரீ பெறுவதா என்று நகைத்தோரும் உண்டு. கமண்டலத்தின் பொருளை உணர்ந்தவர் நகையார்.

இனி, குடிநீர் பற்றிக் காண்போம். வடிகட்டாத நீரைப் பருகலாகாது என்பது நம் குலத்துக் குழந்தையும் அறிந்தது. நெருக்கமாக நெய்த துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுதல் வேண்டும். வடிகட்டிய நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் வரையே அந்நிலையில் ஏற்புடையது. இலவங்கம் முதலியன இட்டால் ஆறு மணி நேரமும், நன்கு கொதிக்கவைத்தால் 24 மணி நேரமும் கொள்ளலாம். இவ்வளவும் பலர் அறிந்தவையே. பலர் மறந்துவிட்ட பகுதி ஒன்றுண்டு. வடிகட்டிய பின் துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடிகட்டிய நீராலேயே மெல்ல அலசி, எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே சேர்த்தல் வேண்டும். அதுவும் மேலிருந்து கொட்டாமல், வாளியை நீர்மட்டம் வரை இறக்கிக் கவிழ்த்தல் வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால் அவ்வுயிர்கள் வருந்துமே என்பதுதான் காரணம். நம் வாய்க்குத் தீங்கு வரலாகாது என்பதே நோக்கமாயின், துணியை உதறிவிட்டுப் போயிருக்கலாம். இந்நோன்பு நம்மைக் காப்பதோடு நீரைக் காப்பதற்கும் ஏற்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வடிகட்டும் துணியின் ஆற்றலை உலகம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடியும் கண்டுகொண்டது. அவ்வரலாற்றை இளைய தலைமுறையினர் அறிதல் நன்று.

நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்தது. எம் போன்ற முதியோர்க்கு அப்பெயர் நினைவிருக்கும். பயிற்சி ஆசிரியைகளுக்குச் சுகாதாரப் பாடம் எடுத்த காலத்தில் யாமும் அதனைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியதுண்டு. இந்நோயுடையாரின் காலில் கொப்புளம் எழும். அதிலிருந்து ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழு வெளிப்படும். எரிச்சல் தாளாமல் அவர் படிக்கிணற்றிலோ குளத்திலோ காலை நனைப்பார். உடனே புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சைக்ளாப்ஸ் எனும் நீர்ச் சிற்றுயிர் அவற்றை விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் பருகியவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்து மீண்டும் புழு வெளிப்படும். நோயுற்றவர் பல வாரங்கள் எழுந்து நடக்க இயலாது. உழவு நாளிலும் அறுவடை நாளிலும் அவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் உலை ஏறாது. வறட்சியால் நீர்நிலைகள் சுருங்கி, எல்லோரும் ஒரே குட்டையில் இறங்கி நீர் முகக்கும் ஊர்களையே இந்நோய் பெரிதும் வாட்டியது.

இதற்குத் தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. இராஜஸ்தான் முதலிய ஏழு மாநிலங்களில் இந்நோய் இருந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. 1980-களில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் கருவிகள் மிக எளியவை. குடிநீரைத் துணியால் வடிகட்டச் செய்தனர். படிக்கிணறுகளை மூடியோ மாற்றியமைத்தோ கைப்பம்புகளைப் பொருத்தினர். நோயுற்றவர் நீரில் இறங்காமல் காத்தனர். இந்தியாவின் இறுதி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது. சமணர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தம் வீடுகளில் நீரை வடிகட்டிப் பருகிவந்த மாநிலமும் அந்த இராஜஸ்தானே. துணி இருந்தும், பக்கத்துத் தெரு படிக்கிணற்றுக்கு அது சென்று சேரவில்லை. இதனை யாம் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு வீட்டின் நோன்பு ஊரின் நோன்பாகும் பொழுதே நோய் நீங்கிற்று என்பதைக் காட்டவே சொல்கின்றோம்.

வங்காள தேசத்திலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. காலரா நோயின் கிருமிகள் நீரில் வாழும் நுண்ணிய மேலோட்டு உயிர்களைப் பற்றிக்கொண்டு திரிகின்றன. மேலே கூறிய சைக்ளாப்ஸும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ரீட்டா கோல்வெல் எனும் அம்மையாரும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் மத்லப் பகுதியின் 65 சிற்றூர்களில் ஆய்வு நடத்தினர். வெளுத்துப் பழகிய பழைய புடவைத் துணியை நான்கு முறை மடித்து நீரை வடிகட்டுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இம்முடிவு 2003-இல் வெளியாயிற்று. புதுப் புடவையைவிடப் பழம்புடவையே சிறந்தது, ஏனெனில் துவைத்துத் துவைத்து அதன் இழைகள் நெருங்கிவிடுகின்றன. இது நம் பாட்டிமார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆயினும் துணியின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். துணி புழுவைத் தடுக்கும், சிற்றுயிரைத் தடுக்கும், தனித்து மிதக்கும் கிருமியைத் தடுக்காது. கொதிக்கவைத்தால் கிருமி அழியும். ஆனால் உப்பும் ஃபுளோரைடும் கொதித்தாலும் போகா. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்த ஃபுளோரைடுக்கு வீட்டு அடுப்பால் தீர்வு காண இயலவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரவேண்டியிருந்தது. வீட்டுக்குள் முடிகின்ற தூய்மை ஓரளவுதான்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இவ்வுண்மையை நாள்தோறும் கற்பிக்கின்றன. இந்நிலம் வானை நோக்கி வாழும் நிலம். இப்பகுதி ஏரிகள் பலவற்றின் உபரிநீர் கிழக்கே கழுவேலியை அடைந்து மரக்காணத்தருகே கடலோடு கலக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன. குடத்தோடு வரிசையில் நின்ற அந்நாள்களை மறந்திரோம். அதே நிலத்தில் 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின் பொழுது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. வறட்சியில் குடிக்க நீரில்லை. வெள்ளத்திலோ கிணறும் கழிவுக்குழியும் ஒன்றாயின. இரண்டிலும் முதலில் துன்புற்றவர் ஏரிக்கரை ஓரத்திலும் தாழ்ந்த பகுதியிலும் குடிசையமைத்து வாழும் கூலித் தொழிலாளரே.

நாம் செய்வதென்ன? கிணறு வற்றினால் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றோம். அண்டை நிலத்தார் நம்மினும் ஆழமாகத் தோண்டினால் நாம் அதனினும் ஆழமாகத் தோண்டுகின்றோம். கடலோரப் பகுதிகளில் அளவுக்கு மீறி இறைக்கும் இடத்தில் உவர்நீர் உள்ளே ஏறும். ஏறிய உவர்நீரை நல்ல மழை பல பெய்தும் வெளியேற்றுதல் அரிது. மண்ணுக்கடியில் ஓடும் நீரை நம் வேலிக்குள் இருப்பதாகக் கருதி முழுவதும் இறைத்துக்கொள்ளல் மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு முரணன்றோ? நகையையும் நிலத்தையும் மட்டுமே பரிக்கிரகமாக எண்ணிப் பழகிவிட்டோம்.

சமந்தபத்திர சுவாமிகள் இரத்தின கரண்டகத்தில் அநர்த்ததண்ட விரதத்தை விரிக்கும் பொழுது, பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வீணே இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று குறிப்பிடுகின்றார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பை நம் முன்னோர் மனப்பாடமாகக் கற்றனர். நிரம்பி வழியும் மேல்தொட்டியையும், மூடாது விட்ட தெருக்குழாயையும் கண்டு வாளா கடந்து செல்பவர் அவ்விரதத்தைக் கடந்தே செல்கின்றார்.

நம் அண்டையில் உள்ள புதுச்சேரியில் 1999-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்குள்ள 84 ஏரிகளும் அதில் அடங்கின. ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைத்தனர். பாசன நிலமுடையவர் மட்டுமன்றி நிலமற்றோரும் பெண்டிரும் அவற்றில் இடம்பெற்றனர். ஏரி நிரம்பினால் சுற்றுப்புறக் கிணறு ஊறும். கிணற்று நீர் நிலமற்றவர் குடத்திற்கும் வேண்டும். ஆதலின் ஏரியைப் பற்றிப் பேச அவர்க்கும் உரிமையுண்டு. எளிய கருத்துதான், ஆனால் நம் ஊர்களில் இன்றும் எளிதில் ஏற்கப்படுவதில்லை.

இங்கு ஒன்றை வெளிப்படையாகக் கூறுதல் எம் கடமை. வடிகட்டும் நோன்பைத் தீட்டு என்னும் வழக்கோடு சிலர் குழப்பிக்கொள்கின்றனர். இன்னார் தொட்ட குடம், இன்னார் இறங்கிய கிணறு என்று ஒதுக்குவதற்கும் நம் ஆகமத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. துணி உயிரைக் காக்க ஏற்பட்டது, மனிதரை விலக்க ஏற்பட்டதன்று. ஓமந்தூர் தந்த இராமசாமி ரெட்டியார் அவர்கள் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக விளங்கினார். அவர் ஆட்சியில், 1947-இல், ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. கோயிற் கதவுகள் சட்டத்தால் திறந்தன. கிணற்றடிகள் திறக்கப் பின்னும் நெடுநாள் ஆயிற்று. இன்றும் குழாயின் கடைக்கோடியில் உள்ள குடியிருப்புக்கு நீர் கடைசியாகவே, அதுவும் நூலிழைபோல் வருகின்ற ஊர்கள் உள்ளன.

பெண்பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். பள்ளியில் கழிவறைக் கதவுக்குத் தாழ் இல்லாவிட்டால், நீர் இல்லாவிட்டால், பருவமெய்திய பெண் மாதத்தில் சில நாள் வாராள். பின்பு வருவதையே நிறுத்திவிடுவாள். வருகைப் பதிவேட்டை ஏந்திய எந்த ஆசிரியையும் இதனை அறிவார். காலை முழுவதும் நீர் அருந்தாமல் தாகத்தோடு அமர்ந்திருக்கும் சிறுமியரும் உண்டு, கழிவறைக்குச் செல்ல அஞ்சுவதே காரணம். தாகத்தை அடக்கும் அந்நோன்பை எந்த ஆகமமும் விதிக்கவில்லை. பயிற்சி ஆசிரியைகளிடம் யாம் கூறியது இதுவே: வகுப்பறைக்குள் நுழையுமுன் நீர்ப்பானைக்கு மூடியும் நீண்ட பிடியுள்ள அகப்பையும் உள்ளனவா, கழிவறையில் வாளி நிறைய நீரும் ஒரு துண்டு சோப்பும் உள்ளனவா என்று பாருங்கள், பிறகு பாடக் குறிப்பை எடுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்பட்டு வருகிறது. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22. நம் பெண்மணிகள் கோயிற் பூசைக்குச் செல்வது போல் அக்கூட்டத்திற்கும் செல்லுதல் வேண்டும். மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவுகின்றனரா, கழுவிய நாளைத் தொட்டியின் மேல் எழுதியுள்ளனரா என்று கேட்கலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வகுத்துள்ளது. கடைக்கோடி வீட்டிற்கு அது சேர்கிறதா, குழாய் முனையில் குளோரின் அளவைச் சோதித்தனரா என்று வினவலாம். கழிவு லாரி கொட்டும் இடம் எது என்பதையும் கேட்கத் தயங்க வேண்டா. அவ்விடத்து மக்கள் மறுப்புக் கூறவில்லையா என்று சேர்த்துக் கேட்பின் நம் ஆகமத்தையே கேட்டவராவோம்.

சென்னையிலும் பிற நகரங்களிலும் குடியேறிவிட்ட குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடுகள் பலவற்றின் கொல்லையில் நல்ல நீர் ஊறும் பழங்கிணறுகள் உள்ளன. சருகும் பிளாத்திக்கும் விழுந்து அவை கெடுகின்றன. தூர்வாரி, சுற்றுச்சுவர் உயர்த்தி, மூடியிட்டு, ஒரு கைப்பம்பு பொருத்தித் தெருப்பக்கம் திறந்துவிட்டால் கோடையில் ஒரு தெருவே பிழைக்கும். செலவைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஊராட்சிக்குத் தேவைப்படுவது உரிமையாளரின் இசைவுக் கடிதமே. எழுத விரும்புவோர் தெரிவித்தால், வாசகம் அமைத்துக் கொடுக்க யாம் ஆயத்தமாக உள்ளோம்.